விளையாட்டுக்குக் கைநாட்டு

ஊர் ஊராகப் போய் வீடியோ கேம் ஆடச் சொல்வது என் வேலை. கடன் வசூலிக்க வருகிறவருக்குக்கூட ஒரு சொம்பு தண்ணீர் தருகிற ஊர்களில் எனக்குத் தர யோசிப்பார்கள். கணக்கெடுப்புக்கும், கொசு மருந்துக்கும், பூச்சி மாத்திரைக்கும் வீடு வீடாகப் போகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கதவு பாதி திறந்து நிற்கும்போது முகத்தில் விழுகிற அந்தப் பார்வை உங்களுக்கும் பழக்கம்தான்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். மூங்கில்துறைப்பட்டில் ஆலை வாசலில் கரும்பு ஏற்றி வரும் டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் வரிசை நம்பர் எழுதிக் கொடுத்து முப்பத்தொரு வருஷம் கழித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, புதுச்சேரியிலிருந்து நிவேதா, அருண் என்று இரண்டு பேர் தேடி வந்தார்கள். சமூகப் பிரச்சினைகளை வைத்து கேம் செய்கிறார்களாம். குத்தகை நிலம் பற்றி ஒன்று, ஏரித் தண்ணீரைப் பங்கு போடுவது பற்றி ஒன்று, சாதிச் சான்றிதழுக்கு அலைவது பற்றி ஒன்று. மொத்தம் மூன்று. தட்டு அளவில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, "யார் ஆடினாங்க, என்ன சொன்னாங்கன்னு அப்படியே எழுதுங்க ஐயா. நீங்களா எதையும் சேர்க்காதீங்க" என்றார் நிவேதா. புது முகத்தோடு பேச எனக்கு வராது. எழுதுவது வரும். ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்டேன்: "இது எதையாவது மேலே அனுப்புமா?" எதை அமுக்கினார்கள் என்ற கணக்கு மட்டும் போகும், யார் என்ற பெயர் போகாது என்றார் நிவேதா. அந்தப் பதிலையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தேன். அப்படி எழுதி வைத்தும், மலையில் ஒரு பெண்ணின் கல்லூரி இடம் என் டேப்லெட்டில் வந்து மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் மலைக்குக் கீழே பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு இலை

முதல் நாள், எலவனாசூர்கோட்டையில் ஒரு டீக்கடை. கலியபெருமாள் என்ற விவசாயி டேப்லெட்டை வாங்கி முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் எதுவும் இல்லை. பிறகுதான் முன்பக்கம் பார்த்தார். கேம் தொடங்கும்போது வயலில் சூரியன் உதிக்கும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த படத்தில் ஒரு நாற்று முளைக்கும், அதில் சரியாக இரண்டு இலை. டீக்கடையில் இருந்த ஏழு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். "சூரியனும் காட்டற, ரெண்டு எலையும் காட்டற. யாருக்குதான்யா ஓட்டு கேக்கற நீ?"

இலை இரண்டுதான் இருக்கிறது என்று நிவேதாவிடமும் அருணிடமும் நான் முன்பே எண்ணிச் சொல்லியிருந்தேன், இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவர்களுக்குப் போன் செய்து நடந்ததைப் படித்துக் காட்டினேன். ஒரு வாரம் கழித்து நிவேதா சொன்னார்: "மூணாவது இலை வரைஞ்சாச்சு ஐயா. சூரியனை மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது."

சுடவே வேண்டாமா?

ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்த டிராக்டர் டிரைவர் செல்வம் எனக்குத் தெரிந்தவர், அதனால் தைரியமாகக் கொடுத்தேன். எத்தனை பேரைச் சுட வேண்டும் என்று கேட்டார். யாரையும் சுட வேண்டாம், ஏரித் தண்ணீருக்கு உங்கள் முறை வரும்வரை காத்திருந்து, வந்ததும் பக்கத்து வயலுக்கு எவ்வளவு விடுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்றேன். நாலு நிமிஷம் பார்த்தார். "காலைல ஆறு மணிலேர்ந்து வெளிய வரிசைல நிக்கறேன். உள்ளயும் வரிசையா? இன்னா கேமுங்க இது?"

காசி ஆடிய ஆட்டம்

களமருதூரில் நில உரிமையாளர் ராமலிங்கம் வீட்டு வாசலில் குத்தகை விளையாட்டைத் திறந்தேன். மழை பொய்த்த வருஷம், நீங்கள் குத்தகைக்காரர்; பேசிய நெல்லை முழுவதும் அளப்பதா, குறைக்கச் சொல்லிக் கேட்பதா, ஆபீஸில் போய் குத்தகையைப் பதிவு செய்வதா? ராமலிங்கம் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது எங்க வூட்டுக் கதை. எவன் சொன்னான் உனக்கு?" என்றார். அவருடைய நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் காசி பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் சொல்லவில்லை என்று அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்னிடம் சொன்னால் என்ன பயன்?

"காசி, நீ ஆடு பாப்போம்" என்றார் ராமலிங்கம். காசி ஆடினார். முழு நெல்லையும் அளந்தார். விதை நெல்லையும் அளந்தார். கேமில் கேட்காத ஆட்டையும் கொடுக்க வழி உண்டா என்று என்னிடம் கேட்டார். கடைசியில் குடிசை காலி, ஆட்டம் முடிந்தது. "பாத்தியா, காசிக்கு எவ்ளோ நல்ல மனசு!" என்று ராமலிங்கம் சந்தோஷமாக உள்ளே போனார்.

பஸ் நிறுத்தத்தில் காசி வந்து சேர்ந்தார். இரண்டாம் முறை எதை அமுக்கினார் என்று நான் பார்க்கவில்லை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடினார். டேப்லெட்டைக் கேட்டு வாங்கும்போது சொன்னது மட்டும் நோட்டில் இருக்கிறது: "இன்னொரு தபா குடுங்க. அவரு இல்லாதப்ப ஆடிப் பாக்கறேன்."

என் விரல்

நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்திருந்த பதினொரு கூலிப் பெண்கள். ஆடச் சம்மதம்தான், விரல் வைக்கச் சம்மதமில்லை. ஒருவர் மடித்த விரலின் முட்டியால் தட்டினார். ஒருவர் குச்சியால் குத்தினார், டேப்லெட் அசையவில்லை. ரேஷனுக்கு விரல், குழுக் கடனுக்கு விரல், சிம் கார்டுக்கு விரல், எங்கே வைத்தது எங்கே போனது என்று தெரியவில்லை, இதற்கு வேறா என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. எனக்கே அந்தச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லையே.

கடைசியில் முனியம்மா என்பவர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, அதை வைத்தே ஆடத் தொடங்கினார். பதினொரு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் என் விரலாலேயே ஆடி முடித்தார்கள். ஆடியவர் பதினொன்றா, ஒன்றா என்று நான் குழம்பி நின்றபோது முனியம்மா சொன்னார்: "உன் வெரலுதானே? எது வந்தாலும் உன் தலையிலயே போவட்டும்."

பச்சை மை

கல்வராயன் மலைக்கு வெள்ளிமலை பஸ்ஸில் போய், இறங்கி, ஒரு மணி நேரம் நடந்தேன். சின்னப்பொண்ணு என்பவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து சான்றிதழ் விளையாட்டைத் திறந்தேன். அவர் மகள் பிளஸ் டூ முடித்து, நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்து, பழங்குடிச் சான்றிதழுக்காகக் காத்திருந்தார். கல்லூரி கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள். இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு விளையாட்டைத் திறந்திருப்பேன்.

சின்னப்பொண்ணு பிரமாதமாக ஆடினார். எந்த ஜன்னலில் எந்தத் தாள் கேட்பார்கள் என்று கேம் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். கடைசியில் மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி வருவார். "இவர் உங்களுக்கு நியாயம் செய்தாரா?" என்று கேள்வி வரும். 'இல்லை' என்பதன் மேல் பெருவிரலை வைத்து, பத்திரத்தில் வைப்பது போல் அழுத்தி உருட்டினார். எடுத்த பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தார். கண்ணாடி, மீசை, கையில் பச்சை மைப் பேனா. "இவரு கீழ ஆபீஸ்ல இருக்கறவருதானே?" என்றார். வரைந்த படம்மா, யாருமில்லை என்று மூன்று முறை சொன்னேன். அவருக்கு வியர்த்துவிட்டது. கைரேகை வைத்துப் புகார் கொடுத்தாகிவிட்டது, மகளின் தாள் இனி அந்த மேசையிலிருந்து நகராது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் கிளம்பும்போது நோட்டைச் சுட்டிக் காட்டினார்: "நாங்க பொகார் குடுக்கல, சர்டிபிகேட்டுதான் கேட்டோம்னு எழுதிக்கோங்க. எழுதிட்டு, நான் வெச்சதை அழிச்சிட்டு வாங்க."

மனு

மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் நிவேதாவையும் அருணையும் வரச் சொன்னேன். சின்னப்பொண்ணு 'இல்லை' என்று அமுக்கிய வரியைக் கணக்கிலிருந்து அழியுங்கள் என்றேன். பெயரே இல்லாத வரி யாருக்கும் போகாது என்றார்கள். அப்படியானால் காட்டுங்கள் என்றேன். லேப்டாப்பில் வரிசையாகக் காட்டினார்கள். என் நோட்டில் அறுபத்து மூன்று பேர். அவர்கள் கணக்கில் அறுபத்து நான்கு. அந்த ஒன்று யார்? எனக்குத் தெரியாமல் இந்த டேப்லெட்டை யார் தொட்டது? தேதி தேதியாக இறங்கி வந்தபோதுதான் பிடிபட்டது: களமருதூர் காசி, இரண்டு முறை ஆடியவர், என் நோட்டில் ஓர் ஆள்.

"ஒரு வரியை எடுத்தா மொத்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டாங்க ஐயா" என்றார் அருண். கணக்கைத் திருத்துவது எனக்கும் பிடிக்காது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நம்பரை அடித்து எழுதியதில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் முகம் கண்ணிலேயே நின்றது. வாதாட எனக்குத் தெரியாது. டேப்லெட்டை மேசை மேல் வைத்தேன், அதன் மேல் நோட்டை வைத்தேன், டீ ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். அருண் பெருமூச்சு விட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். அழிப்பதை நான் பார்க்க வேண்டும் என்று மறுபடி என் பக்கம் திருப்பச் சொன்னேன். அறுபத்து நான்கு அறுபத்து மூன்று ஆனது. என் நோட்டிலும் சின்னப்பொண்ணு பெயரை ஒரு கோடு போட்டு அடித்தேன். நிவேதா சிரிக்காமல் சொன்னார்: "ஆபீஸைப் பத்தி கேம் பண்ணினோம் ஐயா. கடைசில நீங்க எங்ககிட்டயே மனு குடுத்துட்டு உக்காந்துட்டீங்க."

தேதி

இரண்டு நாள் கழித்து மறுபடி மலை ஏறினேன். சின்னப்பொண்ணு வீட்டு முன்னால் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்தார்கள். அந்த டீக்கடைக்குப் பிறகு என்னைப் பார்த்து யாரும் எழுந்ததில்லை. அடிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். "அம்மா, அழிச்சாச்சு. என் கண்ணால பாத்தேன்" என்று தூரத்திலிருந்தே சொன்னேன்.

சின்னப்பொண்ணு முகம் மாறியது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். சான்றிதழ். விரல் வைத்த மறுநாள் காலையில் போன் வந்ததாம், இ-சேவை மையத்தில் அச்செடுத்தார்களாம், மகள் கல்லூரிக்கே போய்விட்டாராம். "நாலு மாசம் நடந்தோம், வரல. ஒரு தபா வெரலு வெச்சேன், வந்துடுச்சி. அதைப் போய் யாரைக் கேட்டு அழிச்சீங்க? இப்ப இது செல்லுமா செல்லாதா?" அந்த ஆறு பேரும் அவரவர் பிள்ளைகளின் மனு நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டு, 'இல்லை' என்று அமுக்க வந்தவர்கள்.

நான் உறையை வாங்கித் தேதியைப் பார்த்தேன். அவர் விரல் வைப்பதற்கு மூன்று நாள் முன்பே சான்றிதழில் கையெழுத்தாகியிருந்தது. கேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தேதியைப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் காட்டினேன். ஆறு பேரும் தேதியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். சின்னப்பொண்ணு உறையைப் பிடுங்கிக்கொண்டார்: "தேதியெல்லாம் அவங்க பின்னால போட்டுப்பாங்க, எங்களுக்குத் தெரியாதா? மொதல்ல மிஷினைக் குடுங்க, நான் வெச்சதைத் திரும்ப வெச்சிடறேன்."

அன்று ஏழு பேர் பெருவிரலால் அழுத்தி உருட்டினார்கள், ஏழையும் எழுதிக்கொண்டேன். இதுவரை என் நோட்டில் உள்ளவர்களில் இதை விளையாட்டு என்று நம்பி ஆடி முடித்தவர் ஒருவரும் இல்லை.