பழைய கட்டடத்தில் விழுந்த நட்சத்திரங்கள்

ரூபி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி தென்காசியிலிருந்து போனில் சொன்னபோது, "எந்த ரூபி?" என்று கேட்டேன். பத்து வருடம் ஆபீசில் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பற்றி இப்படியா கேட்பது? காய்ச்சல் என்றுதான் லீவு போட்டிருந்தார். எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு நாங்கள் இருவரும் அறைப் பதிவு ப்ரோகிராம் எழுதினோம். கறுப்புத் திரை, வெறும் எழுத்துகள். கட்டடத்துக்கு ஒரு பெட்டி, அறைக்கு ஒரு கட்டம், ஆள் இருந்தால் அதில் ஒரு நட்சத்திரம். கர்சர், அதாவது அடுத்த எழுத்து விழப்போகும் இடம், எங்கே என்று கம்ப்யூட்டரைக் கேட்டால், பெட்டியின் மூலையிலிருந்து எத்தனையாவது வரி, எத்தனையாவது இடம் என்றுதான் பதில் வரும். பெட்டியே திரையில் எங்கே தொடங்குகிறது என்பதைத் தனியாகக் கேட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் நட்சத்திரம் வேறெங்கோ போய் விழும். "ஏட்டி, எங்க இருந்து எண்ணுதுன்னு மொதல்ல பாரு" என்பார் அக்கா.

ஒரு சாரல் சீசனில் லாட்ஜுக்குப் புதுக் கட்டடம் வந்தது. அக்கா இரண்டாவது பெட்டியைச் சேர்த்தார். அந்தச் சனிக்கிழமையே புதுக் கட்டடத்து நட்சத்திரங்கள் பழைய கட்டடத்தில் போய் விழுந்தன. திரையில் காலியாகத் தெரிந்த ஒரு புதுக் கட்டடத்து அறையைச் சிவகிரிக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால், உள்ளே ஒருவர் இடுப்பில் துண்டோடு நிற்கிறார்!

"யாரு பாத்த வேல இது?" என்று லாட்ஜ் முதலாளி கத்தினார்.

"என் தப்புதான் அண்ணாச்சி" என்றார் அக்கா. எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. "பெட்டி பத்திரமா இருக்கா அக்கா?" என்று வருடக்கணக்கில் கிண்டல் செய்தேன். சிரிப்பார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், மூன்றாவது கட்டடத்தைச் சேர்ப்பதற்காக அந்த ஃபைலைத் திறந்தேன். நட்சத்திரம் போடும் பகுதி நான் எழுதியது. பெட்டியின் தொடக்கத்தை நான் கூட்டவே இல்லை. முதல் பெட்டி திரையின் மூலையிலேயே இருந்ததால் கூட்ட வேண்டியது பூஜ்யம். இரண்டாவது பெட்டி வரும்வரை தப்பு வெளியே தெரியவில்லை. அக்கா என் வரியிலேயே இரண்டு எண்களைக் கூட்டிச் சரிசெய்திருந்தார். ஒரு குறிப்புகூட எழுதி வைக்கவில்லை.

முதலாளியிடம் தன் தப்பு என்று சொன்னபோதே அது என்னுடையது என்று அக்காவுக்குத் தெரியுமா, திருத்தும்போதுதான் கண்டாரா? தெரிந்த பிறகும் என் கிண்டலுக்கு எப்படிச் சிரித்தார்? நினைக்க நினைக்கக் குழப்பம்தான் கூடுகிறது. கேட்க ஆள் இல்லை.

முதலாளியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். "எதும்மா? எனக்கு ஞாபகமே இல்லயே. தங்கமான புள்ளல்லா அது" என்றார்.

ஆக, அந்தத் திட்டை நினைவில் வைத்திருப்பவள் இப்போது நான் ஒருத்திதான். எனக்கு வரவேண்டியது, அக்கா வாங்கிக்கொண்டது. அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.