பரிந்துரைக்கு இரண்டு பேர்

“அழி. மொதல்ல அத அழி.”

நாற்காலியில் உட்காரும் முன்பே செல்வியக்கா இப்படித்தான் தொடங்குவார். விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்தருகே கணினி மையம் வைத்திருக்கும் சீனுவாசன், ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் அதற்குள் ‘இல்லை’ என்று அடித்து முடித்திருப்பார். கிராமத்துப் பெண்கள் வந்து நின்றால் அவர் கை தானாக அதைத்தான் அடிக்கும்.

“பன்னெண்டு வருசமா நடவு மேஸ்திரி. இருவது பொம்பளைங்கள வேல வாங்கறேன். இது அனுபவம் இல்லாம இன்னா?”

“அவங்க கேக்கறது கம்பெனி எக்ஸ்பீரியன்ஸ், அக்கா.”

“ஆள வெச்சி வேல வாங்கத் தெரியுமான்னுதான் கேட்டுக்கினு இருக்கான். விளம்பரத்த இன்னொரு வாட்டி படி.”

விளம்பரத்தில் அப்படித்தான் இருந்தது. திண்டிவனம் பக்கம் வந்திருக்கும் காலணித் தொழிற்சாலை. தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளர். பத்தாம் வகுப்பு, குழுவை நடத்தும் திறமை, வயது முப்பத்தைந்துக்குள். அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பிக்க நானும் மையத்துக்கு வந்திருந்தேன்.

அக்காவின் முழுப்பெயர் ஆரோக்கியசெல்வி, ஊர் காணை. ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் வரப்பில் நின்று வயலின் மறுகோடிக்குப் பேசிப் பழகியது. அதனால் அக்காவின் விண்ணப்பம் அந்த மையத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

முதலில் ஒரு நகலில் பென்சிலால் எழுதிப் பார்ப்பார். கைபேசி எண்ணுக்குக் கணவர் சகாயராஜின் எண்ணைக் கேட்டால், “வேல அவருக்கா, எனக்கா?” என்பார். என் தாளையும் எட்டிப் பார்த்தார். ‘கடின உழைப்பாளி, நேர்மையானவள்’ என்று அழகாக எழுதியிருந்தேன்.

“இத யாரு வேணா எழுதலாம். நீ இன்னா செஞ்சியோ அத எழுது.”

எனக்குச் சுருக்கென்றது. அக்காவின் தாளில் அந்த மாதிரி ஒரு சொல்கூட இல்லை. ஆள் வராத காலையில் வேறு ஆள் பிடித்தது, மழைக்கு முன் நடவை முடித்தது, வயலில் மூண்ட சண்டையை வயலிலேயே தீர்த்தது, இவைதான் இருந்தன.

நடவும் களையும் போனால் மற்ற மாதங்களில் வேலை கிடையாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். கல்லூரிக்கு அனுப்ப மாதச் சம்பளம் வேண்டும். ஆவணி வந்தால் அக்காவுக்கு முப்பத்தாறு. இதற்கு முன் போட்ட எதற்கும் பதில் வரவில்லை. “இத உட்டா வேற இல்ல. அதுக்காக நான் செஞ்சத நானே இல்லன்னு எழுதுவனா?” என்றார். அதைக் கேட்க எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடைசிக் கட்டம், உங்களை நன்கறிந்த இருவர். நான் கல்லூரி முதல்வரையும் வங்கி மேலாளரான மாமாவையும் போட்டேன். அக்கா தன்னிடம் நடவுக்கு வரும் கெங்கம்மாளையும் ஜெசிந்தாவையும் போட்டார்.

சீனுவாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். “பேஜாரு பண்ணாதக்கா. ஊர்ல தலைவரு, வாத்தியாரு யாரும் இல்லியா?”

“அவங்களா எங்கிட்ட வேல செஞ்சாங்க? எங்கிட்ட திட்டு வாங்கினது இவளுங்கதான். அடி.”

நேர்காணலுக்கு இருவரும் ஒரே பேருந்தில் போனோம். அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் புடவையில் வந்திருந்தார். முதலில் அவரைத்தான் அழைத்தார்கள். கதவு திறந்தே இருந்ததால் வெளியே நாற்காலியில் இருந்த எனக்கு உள்ளே நடப்பது தெரிந்தது, பேச்சும் கேட்டது.

அதிகாரியின் பார்வை விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் நின்றது. “விவசாயக் கூலின்னு போட்டிருக்கீங்களேம்மா. மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. பெரிய மனுஷங்க ரெண்டு பேர் பேர சொல்லுங்க, நானே மாத்திக்கறேன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஊராட்சித் தலைவர் பெயரைச் சொல்லித் தொலையேன் அக்கா என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

“வாணாங்க சார். நாளைக்கு நான் வேல வாங்கப் போறது பெரிய மனுஷங்ககிட்ட இல்லீங்களே. இவங்கள மாதிரி பொம்பளைங்ககிட்டதான். இவங்களயே கேளுங்க.”

“உங்களுக்கு வேண்டியவங்க. நல்லதாத்தானே சொல்லுவாங்க?”

“கெங்கம்மா எங்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆவுதுங்க. லேட்டா வந்துச்சின்னு அன்னிக்கு அத வயல்ல எறங்க உடல.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “அப்படிப்பட்டவங்க பேரையா குடுத்தீங்க?”

“பின்ன? நான் எப்படி வேல வாங்குவேன்னு அதுக்குத்தாங்க நல்லா தெரியும்.”

மேசை மேலிருந்த தொலைபேசியை அக்கா அதிகாரி பக்கம் நகர்த்தி வைத்தார். “நம்பரு அதுலியே இருக்குதுங்க. நான் இருந்தா அது மனசு உட்டுப் பேசாது.”

வெளியே வந்தார். கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.