ராசாவுக்கு ஆறு கட்டை

இசை நாடகத்தில் ராசா வேடத்துக்கு ஆள் தெரிவுசெய்யும் நாள், ஆர்மோனியக்காரனுக்குத் தலையிடி நாள். முப்பத்தொரு வருடத்தில் பதினேழு தெரிவுகளுக்கு வாசித்திருக்கிறேன். பதினேழிலும் ஒருவர்கூட எனக்குத் தேநீர் தந்ததில்லை.

பதினேழாவது போன வருடம். அதோடு நிறுத்துகிறேன் என்று குழுவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் ஒரே பாட்டைக் கொண்டுவந்தார்கள்: நாடிழந்த ராசாவின் புலம்பல். ஒரே காலையில் ஒன்பது தரம் நாட்டை இழந்தோம். அந்தப் பாட்டில் உச்சம் பன்னிரண்டு இடத்தில் வருகிறது. உச்சத்தில் கத்துபவனே பாடகன் என்பது இங்குள்ள நம்பிக்கை.

தெரிவுக்குழுத் தலைவர் தொடக்கத்திலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "ஆறு கட்டைக்குக் கீழை பாடுறவனை ராசா எண்டு எங்கடை சனம் ஒத்துக்கொள்ளாது."

கட்டை என்பது சுருதியின் அளவு. எண் கூடினால் சுருதியும் கூடும். தலைவருக்கு எண் மட்டும் தெரியும்.

பத்தாவது ஆள் யோகன். கொழும்புத்துறையில் விடிய மீனை ஏலம் கூறி விற்பவர். நல்ல உயர்ந்த குரல். பாதியை மீனுக்குக் கொடுத்துவிட்டு மீதியை எங்களிடம் கொண்டுவருவார். ஏற்கெனவே இரண்டு தரம் தவறியவர். உச்சம் மூன்றே இடத்தில் வரும் ஒரு காதல் பாட்டை அவருக்குத் தேர்ந்து கொடுத்திருந்தேன்.

"அண்ணை, நான் புலம்பல்தான் பாடப்போறன்," என்றார்.

"பன்னிரண்டு உச்சம் இருக்கு. எட்டாவதிலை கிழிஞ்சு போவீர்."

"எண்ணாதேங்கோ அண்ணை. இந்தமுறையும் இல்லையெண்டால் பாட்டையே விடுறன். ராசாவாப் பாடிப்போட்டு விடுறன்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆறிலை பிடியுங்கோ," என்றார். நான் ஐந்தரையில் பிடித்தேன்.

யோகன் முதல் அடியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. பன்னிரண்டிலும் நின்றார், எண்ணினேன்.

தலைவரின் கண் கலங்கிவிட்டது. "இதுதான் ஆறு கட்டை! மற்றவை ஒருத்தரும் உதுக்குக் கிட்டவும் வரேல்லை."

புலம்பலைப் பாடிய மற்ற எட்டுப் பேரும் உண்மையாகவே ஆறில் பாடித் தொண்டை கிழிந்தவர்கள். அவர்களுக்கு ஏன் இறக்கவில்லை என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை.

வேடம் யோகனுக்குக் கிடைத்தது. அன்று பின்னேரமே என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை, ஒத்திகைக்கு வேறை ஆளாம் வாசிக்கிறது."

"ஓம். நான் இண்டையோடை நிப்பாட்டிட்டன்."

"அவர் ஆறெண்டால் ஆறிலைதான் பிடிப்பாராம்."

யோகன் தெருப்பக்கம் கையைக் காட்டினார்.

"ஓட்டோ கொண்டந்திருக்கிறன். ஏறுங்கோ."

இதுவரை இருபத்தாறு ஒத்திகை, நான்கு மேடை. உயர்ந்த குரல்காரர் பாட்டைத் தெரிவுசெய்யுமுன் உச்சங்களை எண்ணட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆர்மோனியக்காரருக்கு ஒன்று: ஒருநாள் சுருதியை இறக்கினால், அந்த ராசா வேடம் கழற்றும்வரை பெட்டியை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

ஒத்திகைக்கு ஒன்றாக, இப்போது தேநீர் தருகிறார்கள். இருபத்தாறு குடித்துவிட்டேன். ஒன்றிலும் சீனி காணாது.