வாயில் முட்டை வைத்திருந்த மீன்

அண்ணனின் மீன் தொட்டியில் தண்ணீர் எப்போதும் பால் ஊற்றாத டீ நிறத்தில்தான் இருக்கும். உத்திரமேரூர் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எங்கள் போர் தண்ணீரின் உப்பு அந்தக் காட்டு பெட்டா மீன்களுக்கு ஆகாது. அதனால் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து, காய்ந்த வாதாம் இலைகளை அதில் ஊறப்போட்டு ஊற்றுவான். கடைகளில் பாட்டிலில் விற்கிற சண்டை மீனுக்கு இது காட்டுப் பங்காளி. பார்க்க வெறும் மண் நிறம். இதற்கா இத்தனை உபசாரம் என்று நான் கேலி செய்தால் காதிலேயே வாங்க மாட்டான்.

ஒரு மார்கழிக் கடைசியில் என்னைத் தொட்டியருகே இழுத்துப்போய்க் காட்டினான். ஆண் மீனின் தாடை உப்பியிருந்தது. பெண் மீன் இட்ட முட்டைகளை வாயில் வைத்திருக்கிறதாம், குஞ்சு பொரிக்கும்வரை இரை எடுக்காதாம்.

"அண்ணி கிட்ட சொல்லிடாதடா. குஞ்சுங்க வெளிய வரட்டும்" என்றான்.

எனக்குப் புரிந்தது. அண்ணி இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி, இரண்டுமே தங்கவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் நல்ல சேதி எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம். அந்த மீனை அண்ணன் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு எனக்குக் கலக்கமாக இருந்தது.

போகியன்று அவன் வாலாஜாபாத் மில்லுக்கு வேலைக்குப் போயிருந்தான். மீன் இரையைத் தொடாததை அண்ணி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அழுக்குத் தண்ணீரால் வந்த சீக்கு என்று நினைத்து, வீடு கழுவிய கையோடு தொட்டியையும் தேய்த்துக் கழுவி, போர் தண்ணீர் பிடித்து நிரப்பிவிட்டாள். சாயங்காலம் அண்ணனோடு நானும் உள்ளே போனபோது இரண்டு மீன்களும் செத்து மிதந்தன. அடியில் முட்டைகள் சிதறிக் கிடந்தன.

"வெள்ளை வெள்ளையா இன்னாமோ கக்கிக்கீது, பாருங்க. தண்ணி மாத்தியும் பொயைக்கல" என்றாள் அண்ணி. அழுதிருந்தாள்.

"அதுங்க ஆயுசு அவ்ளோதான், வுடு" என்றான் அண்ணன். வேறு என்ன சொல்வான்? அவை முட்டைகள் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

அவன் வாட்டம் பொறுக்காமல் அண்ணியே காஞ்சிபுரத்திலிருந்து சிவப்புச் சண்டை மீன் ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் விட்டாள். அது போனதும் இன்னொன்று. இந்தப் போகிக்கும் தொட்டியைப் பளிச்சென்று கழுவி நிரப்பினாள்.

"அப்பவே நான் இப்டி சுத்தமா வெச்சிக்கினு இருந்தா அந்த ரெண்டும் பொயச்சிருக்கும், இல்லீங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் "ஆமா" என்றான்.