ஆடிப் பதினெட்டுக்கு முங்கப் போன மாயவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் இண்டூர்த் தெருவில் மாயவனைப் பார்த்தவர்களுக்கு, சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிற ஓர் ஆள்தான் நினைவில் இருப்பான். வலது காது சுத்தமாகக் கேட்காது. புதிதாக ஊருக்கு வந்தவர்கள் அவன் நடையைப் பார்த்து, “இந்நேரத்துக்கே ஏத்திக்கிட்டானா?” என்று கேட்டு, ஊர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவன் அப்படி ஆன கதை கொஞ்சம் சிக்கலானது. பட்டவனுக்கே அது பிடிபடப் பல நாள் ஆயிற்று.

அதற்கு முன்னால் அவன் வேறு ஆள். யார் வீட்டுக் குடமாவது கிணற்றில் விழுந்துவிட்டால் பாதாளக் கரண்டியை யாரும் தேடமாட்டார்கள், மாயவனைத்தான் தேடுவார்கள். ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி வருவான். ஒரு கல்லை மார்போடு கட்டிப் பிடித்துக் குதித்தால் நேராகத் தரைக்குப் போய்விடுவான். குடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் கிணற்றுச் சுவரைத் தடவியபடி மேலே வருவான். தண்ணீருக்குள் அவனுக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. குழப்பமெல்லாம் மேலே ஏறின பிறகுதான், ஏனென்றால் நேராகக் கள்ளுக்கடைக்குப் போய்விடுவான்.

முப்பத்தேழில், இண்டூரும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லா முழுவதும் மதுவிலக்கு வந்தது. கடைகளை மூடினார்கள். ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அவன் மனைவி நஞ்சம்மாள். பாவம், அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. சட்டத்துக்கு ஜில்லா எல்லை இருந்தது, மாயவனின் தாகத்துக்கு இல்லை. காவிரிக்கு அந்தக் கரை வேறு ஜில்லா. மாடு பார்க்கப் போகிறேன், மீன் வாங்கப் போகிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுப் பரிசல் ஏறிப் போய் வந்தான். கேட்டால், “குடிக்கவே இல்லை” என்று கண் கலங்கச் சொல்வான். அவளும் நம்பித் தொலைப்பாள்.

தை மாதத்தில் ஒருநாள் அவள் நம்புவதை நிறுத்தினாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

“இனி ஒரு சொட்டு உங்க வாயில பட்டாலும் நான் புள்ளயத் தூக்கிக்கிட்டு பாப்பிரெட்டிப்பட்டிக்கு எங்க ஆத்தா வூட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்க வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்” என்றாள்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து மாயவன் சத்தியம் செய்தான். உண்மையைச் சொல்லவேண்டும், அதன்பிறகு அவன் தொடவில்லை. ராத்திரியில் கை நடுங்கினாலும் தொடவில்லை. நஞ்சம்மாளின் அண்ணன் காளியப்பன் பிழைப்புக்காக இண்டூரிலேயே வந்து தங்கியிருந்தவன். அவனே, “மாப்பிள்ளை மனுசனாயிட்டாரு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஆண்களாகச் சேர்ந்து ஒகேனக்கல்லுக்குப் புறப்பட்டார்கள். காளியப்பனின் வண்டி. மாது என்ற கூட்டாளியும் இன்னும் சிலரும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, மீன் வறுத்துத் தின்பது, ஒரு நாள் முழுவதும் காட்டு வேலையை மறந்து கிடப்பது, இதுதான் திட்டம்.

“சளி புடிச்சு மூக்கு அடைச்சுக் கெடக்குது. குளிக்கிறதோட நிறுத்திக்குங்க, முங்காதீங்க” என்று நஞ்சம்மாள் சொல்லித்தான் அனுப்பினாள்.

அவன் முங்காமல் இருப்பானா? அருவிச் சத்தத்தை விட்டு விலகி, தண்ணீர் சுழிக்காமல் நிற்கிற ஒரு மடுவைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றில் விளையாடுகிற விளையாட்டையே அங்கேயும் ஆரம்பித்தார்கள். அடிவரை போய் ஒரு கைப்பிடி மண் எடுத்து வரவேண்டும். மற்றவர்கள் பாதியில் திரும்பினார்கள். மாயவன் வழக்கம்போல ஒரு கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

காது வலித்தது. கொஞ்சம் பொறுத்தால் சரியாகும் என்று இன்னும் கீழே போனான். வலது காதுக்குள் ‘டப்’பென்று ஏதோ விட்டுப்போனது. உள்ளே சில்லென்று தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான், உலகமே கவிழ்ந்துவிட்டது. கல்லை விட்டுவிட்டு மேலே நீந்தினான், கை மணலில் முட்டியது. திரும்பி நீந்தினான், மறுபடியும் மணல். ஆடி மாதத்துச் செந்தண்ணீரில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பழக்கதோஷத்தில் சுவரைத் தேடிக் கை நீட்டினான். ஆற்றில் ஏது சுவர்? மூச்சு முட்டி, கையும் காலும் சோர்ந்து, அவன் நீந்துவதை விட்டபிறகுதான் உடம்பு தானாக மிதந்து மேலே வந்தது.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, ஆளை நிமிர்த்தி நிறுத்துகிற ஏதோ ஒன்றும் அதற்குள்ளே கெட்டுவிட்டது என்று தர்மபுரி டாக்டர் பின்னால் சொன்னார். அன்று அந்தப் பாறையில் நின்ற ஒருவனுக்கும் அது தெரியாது. காதோரம் லேசாக ரத்தம் இருந்தது. பாறை கீறியிருக்கும் என்று துண்டால் துடைத்துவிட்டார்கள்.

மாயவன் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தான். “மச்சான், பாறையப் புடி, பாறையப் புடி, சுத்துது!” என்று காளியப்பனின் காலைக் கட்டிக்கொண்டான். எழுந்து நின்றான், விழுந்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

“குளிர் ஏறிடுச்சு, சூடு பண்ணணும்” என்று மாது தன் மூட்டையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். அக்கரைச் சரக்கு. யாரும் தடுப்பதற்குள் மாயவனின் வாயைப் பிளந்து ஊற்றிவிட்டான். பாதி தொண்டைக்குள் போனது, பாதி வேட்டியில் வழிந்தது. விழுங்கினபிறகுதான் மாயவனுக்கு ருசி தெரிந்தது. “அய்யோ, சத்தியம் பண்ணியிருக்கேன்டா!” என்று அலறினான். அலறல் அவன் காதுக்கே எங்கோ தூரத்தில் கேட்டது.

காளியப்பன் மாதுவை அறைந்தான். அறைந்த கையோடு அவனுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. “இவரு முன்னாடியே குடிச்சிருந்தாரா?”

“அப்படித்தான் இருக்கும். ஆட்டத்தப் பாரு” என்றான் ஒருவன்.

“ஆத்துத் தண்ணியக் குடிச்சிருப்பாரு” என்றான் இன்னொருவன். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வரவில்லை, காலையில் தின்ற மீன் வந்தது.

பென்னாகரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் சாராய வாசனையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? “போலீசு புடிச்சு அத்தன பேரு மேலயும் கேஸ் போட்டுருவான்” என்றான் காளியப்பன். நல்ல புத்தி! செத்தால் பரவாயில்லை, கேஸ் வரக்கூடாது. வைக்கோலுக்குள் மாயவனைப் படுக்கவைத்து, மெயின் ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையில் வண்டியை ஓட்டினார்கள். வழியெல்லாம் மாயவனுக்குக் காதில் இரைச்சல். கண்ணை மூடினால் வண்டி தலைகீழாக ஓடியது. அவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க அவனுக்கே குழம்பிவிட்டது. ஒருவேளை முன்பே குடித்தேனோ? எப்போது? எங்கே? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை வீட்டு வாசலில் இறக்கினார்கள். நஞ்சம்மாள் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். மாயவன் இறங்கினான், வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டான், அப்படியே சரிந்தான். வேட்டியிலிருந்து வாசனை வந்தது.

“அண்ணா, நீயும் கூட இருந்தியா?” என்றாள்.

“அவரு குடிக்கல, நஞ்சா. நாங்கதான் ஊத்துனோம்” என்றான் காளியப்பன்.

“தண்ணியில முங்குனவருக்குச் சாராயத்த ஊத்துனீங்களா?”

“மாது ஊத்துனான்.”

“மாது எங்க?”

“வழியிலயே எறங்கிட்டான்.”

இதைவிடக் கேவலமான பொய்யை அவள் கேட்டதில்லை. உண்மை அப்படி இருந்தது, என்ன செய்வது? மாயவன் தரையில் கிடந்தபடி, “நான் குடிக்கல நஞ்சா. குடிச்சேன்தான். ஆனா நானாக் குடிக்கல” என்று குளறினான். அவள் உள்ளே போய்ச் சேலைகளை மூட்டை கட்டினாள். ஆனாலும் கிளம்பவில்லை. போதையில் கிடக்கிறவனிடம் சொல்லிவிட்டுப் போவதில் என்ன பிரயோசனம்? தெளியட்டும், முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள். அன்று முழுவதும் கூழை மட்டும் பக்கத்தில் வைத்தாள். அவன் பாதியைக் குடித்தான், மீதியைத் தட்டிவிட்டான்.

அடுத்த நாள் விடிந்தது. நஞ்சம்மாள் மூட்டையையும் மகளையும் எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். சொல்லவேண்டியதையெல்லாம் இரவே மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். அவளைக் கண்டதும் மாயவன் எழுந்தான். ஓர் அடி வைத்தான். ராகிக் குதிரில் மோதி அப்படியே விழுந்தான்.

அவளுக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோனது. குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். கூழ் வாசனைதான். கண்மணி இரண்டும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. குடித்தவனை அவள் எத்தனையோ விடியற்காலையில் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. போதை நேற்று மத்தியானமே இறங்கியிருக்கவேண்டும். அப்படியானால் இது என்ன? மூட்டையைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, குடிச்சீங்கதானே?”

“இல்ல நஞ்சா. உன்மேல ஆணை.”

“ஆணையெல்லாம் வேண்டாங்க. அண்ணன் சொன்ன கதையும் வேண்டாம். போறதுக்கு முன்னாடியே குடிச்சீங்க, நெறையக் குடிச்சீங்க, அதான் இன்னும் எறங்கல. அப்படித்தானே?” அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “நான் எங்கயும் போகல. ஒண்ணும் கேக்கமாட்டேன். குடியா இருந்தா எறங்கிரும். குடிச்சேன்னு மட்டும் சொல்லிருங்க, சாமி.”

ஆற்றில் உலகம் கவிழ்ந்ததிலிருந்து மாயவனுக்குத் தெளிவாகப் புரிந்த முதல் விஷயம் அதுதான். இத்தனை வருஷம் எதை நினைத்துப் பயந்தாளோ, அதையே இப்போது பிச்சை கேட்கிறாள்.

“ஆமா நஞ்சா. குடிச்சேன்” என்றான். “நெறையக் குடிச்சேன்.”

குடித்த காலத்தில் குடிக்கவில்லை என்று அவன் சொன்னதையெல்லாம் நம்பியவள், இதை நம்பவில்லை. அவன் தலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். “அண்ணா, வண்டியக் கட்டு! தர்மபுரிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு!” என்று தெருவே கேட்கக் கத்தினாள்.