நொச்சியில் இல்லாத சேர்மம்

நொச்சி இலையில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். அவற்றில் ஒன்று நொச்சியில் இல்லவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சுரக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லை வேலியில் பறித்த இலை. நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுத்தேன். அதைப் பிரித்துப் பார்க்கும் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. வெளியூர் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். காரைக்காலில் கூரியர் அலுவலகத்தில் இருந்தவர் என் கண்ணாடிக் குப்பியைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டார். "கண்ணாடின்னா எடுக்க மாட்டோங்க. வழியில ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? பிளாஸ்டிக்ல ஊத்திட்டு வாங்க." பக்கத்துக் கடையில் ஒரு டப்பா வாங்கி மாற்றி ஊற்றினேன். எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் அனுப்பினோம். சித்திரை வெயிலில் ஒரு வாரம் வெந்து அது போய்ச் சேர்ந்தது.

முடிவு ஒரு கோட்டுப் படமாக வந்தது. அதில் எழும் ஒவ்வொரு மேடும் ஒரு சேர்மம். கணினி தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்னதாக இருக்கலாம் என்று பெயர் சொல்லும். அது 'இருக்கலாம்' என்று சொல்வதை 'இருக்கிறது' என்று எழுதுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீக்கத்தைக் குறைக்கும், கிருமியை எதிர்க்கும் என்று இணையத்தில் தேடி நிரப்புவோம். என் படத்தில் எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது தாலேட் என்ற ஒரு சேர்மம். அதற்கும் "கிருமியை எதிர்க்கும்" என்று எழுதினேன். கட்டுரையும் வெளியாயிற்று.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான், கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று அந்தத் தாலேட்டைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கும் பொருள். அதே கடையில் அதே டப்பாவை வாங்கி, இலையே போடாமல் வெறும் மெத்தனாலை ஊற்றி அனுப்பினேன். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. "பரிச்சைக்குப் பயமா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, காரைக்கால் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது முடிவு கைபேசிக்கு வந்தது. வெறும் மெத்தனாலிலும் அதே இடத்தில் அதே மேடு. எங்கள் ஊர்ப் பக்கம் போகும் திருநள்ளாறு பேருந்து வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று, நான் ஏறவில்லை.

தேர்வு நாளில் வெளியூர்ப் பேராசிரியர் என் அட்டவணையைத் திரையில் பார்த்துவிட்டு, "இந்த தாலேட் நல்லா வந்திருக்கும்மா. இத மேல கொண்டு போங்க" என்றார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "சரிங்க சார்" என்றேன். கைதட்டினார்கள். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு, கொடுத்த கேசரியைத் தின்றேன்.

இப்போது காரைக்காலில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால் மின்னஞ்சல் வரும். மற்றவர்களுக்கு அது கொண்டாட்டம். நானோ, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் திறப்பேன். போன மாதம் வந்த கட்டுரையில் வேறு ஊர்ப் பெண் ஒருத்தி, வேறொரு மூலிகையில் அதே தாலேட்டைக் கண்டிருந்தாள். நொச்சியிலும் இது உண்டு என்று என்னைச் சாட்சிக்கு இழுத்திருந்தாள். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. மின்னஞ்சலில் எண் கேட்டு வாங்கி அவளை அழைத்தேன்.

"மேடம், நீங்களேவா பேசுறீங்க!" என்று பூரித்துப் போனாள்.

"சாற எதுலம்மா வச்சி அனுப்புனீங்க?"

"டப்பாலதான் மேடம். எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. அந்தப் பகுதியையே எடுத்துரலாம்னு இருந்தேன். அப்பறம் உங்க பேப்பரப் பாத்தேன். அதுக்கப்பறந்தான் தைரியமே வந்துச்சு. நீங்க கண்ணாடியிலதான வச்சிருந்தீங்க?"

"இல்லம்மா," என்றேன். "நானும் டப்பாலதான். வைவாவுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."