மூன்றாம் இயலின் பதினான்காம் அடிக்குறிப்பு

ஆய்வு நெறியாளர் பேராசிரியர் சிவசங்கரன் நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிட்டார். பொன்செல்வி அப்போது சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

"உன் ஆய்வேட்டை வெளித்தேர்வாளர், அந்த மதுரைக்காரர், படிச்சு முடிச்சிட்டாரும்மா. நல்லாருக்குன்னு சொல்லுதாரு. மூணாவது இயல்ல பதினாலாவது அடிக்குறிப்பு இருக்குல்லா, அந்தக் கட்டுரையோட நகல் மட்டும் வேணுமாம். திங்கக்கிழமை கொண்டாந்துரு, நான் அனுப்பிருதேன்."

"சரி சார்" என்றாள். போனை வைத்த பிறகும் கை காதோரமே நின்றது. வந்த பேருந்தில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. அந்தக் கட்டுரையை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

பொன்செல்விக்கு முப்பத்தாறு வயது. அம்மா மாரிக்கண்ணு கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் முப்பது வருஷம் நாற்று நட்டவள். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தது அந்த வீட்டில் இவள் ஒருத்திதான். ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் கௌரவ விரிவுரையாளர். நாவல்களிலும் திரைப்படங்களிலும் நாற்று நடும் பெண்கள் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. ஆறு வருஷ உழைப்பு.

நாவல்களுக்குக் குறைவில்லை. கல்லூரி நூலகத்தில் இல்லாதது பாளையங்கோட்டை நூலகத்தில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் இணையத்தில் மின்நூலாக அகப்படும். திரைப்படம்தான் அவளை அலைய வைத்தது. பழைய சினிமாப் பத்திரிகைகளை யாரும் பைண்டு செய்து வைக்கவில்லை. எடைக்குப் போட்டார்கள், பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தார்கள். இணையத்தில் ஏற்றப்பட்டவற்றிலோ நடுவில் நாலு பக்கம் இருக்காது, அல்லது ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் பாதிப் பத்தியை மறைத்திருக்கும். அப்படியும் ஒவ்வொன்றாகச் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள் எழுதினாள்.

பதினான்காவது வேறு மாதிரி வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருந்தபோது மகளுக்குக் காய்ச்சல். மருத்துவமனை வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டாள்: நடவுக் காட்சிகளில் நடித்தது உண்மையான கூலிப்பெண்களா, அதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. ஒரு சினிமா மாத இதழின் பெயர், 1962 ஜூலை, பக்கம் 81. கட்டுரையிலிருந்து ஒரு வரியும் இருந்தது: 'வயலில் நின்ற பெண்கள் நடிக்கவில்லை, நட்டார்கள்.' அந்த வரி அவள் ஆறு வருஷமாகச் சொல்ல நினைத்ததை அப்படியே சொன்னது. அதனால்தான் அவள் சந்தேகப்படவில்லை. பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினாள். பிறகு என்பது வரவே இல்லை.

பேராசிரியர் கூப்பிட்ட அன்று மதியம் பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போனாள். அங்கே உதவியாளராக இருக்கும் முத்துராணி அவளோடு கல்லூரியில் படித்தவள். விஷயத்தைச் சொல்லாமல் அந்த இதழை மட்டும் கேட்டாள். முத்துராணி பின்கட்டு அறையைத் திறந்து, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பட்டியலில் ஏறாத கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இரண்டு நாள் இருவரும் தேடினார்கள். அந்த இதழின் மூன்று பிரதிகள் கிடைத்தன. மூன்றும் வேறு வருஷம்.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் முத்துராணி. "ஒரு கட்டுரைதான. கிடைக்கலன்னா கிடைக்கலன்னு சொல்லு."

"அப்பிடிச் சொல்ல முடியாதுட்டி."

"ஏன்?"

பொன்செல்வி அடுத்த கட்டை அவிழ்த்தாள். வேறொரு ஊரில், திருட்டு ஆய்வு என்று பெயர் வாங்கிய ஒருத்தியைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசிச் சிரித்தது அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பில் அவளும் கலந்துகொண்டிருந்தாள்.

பழைய இதழ்களைப் பாதுகாக்கும் சென்னை நூலகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். இணையத்தில் இருக்கும் தொகுப்புகளையெல்லாம் இதழின் பெயரை நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேடினாள். போன் மணி அடித்தால் யாரென்று பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். மகள் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் ஒரு தடவை திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பதில் வந்தது. 1962 ஜூலை இதழ் அவர்களிடம் இருந்தது. அட்டையையும் பொருளடக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். கீழே இரண்டே வரி: 'நீங்கள் குறிப்பிடும் கட்டுரை இதில் இல்லை. இதழில் மொத்தம் அறுபத்தாறு பக்கங்கள்தாம்.'

அதைப் படித்தபோது அவள் வகுப்பறையில் இருந்தாள். மாணவிகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அதை இன்னொரு தடவை படித்தாள். இல்லாத பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, அதன்மேல் ஓர் இயலையே கட்டியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் போனது, ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பைண்டு போட்டுக் கொடுத்த கடைக்கு. கொம்பையா அண்ணாச்சி நல்ல மனிதர். ஆய்வு மாணவர்கள் அழுது பார்த்துப் பழகியவர். அவரிடம்தான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு பக்கந்தான வேணும்? இதுக்கா இப்படிப் பயப்படுதிய? பழைய எழுத்துல, தும்பிக்கை வச்ச 'லை' எல்லாம் போட்டு நான் அடிச்சித் தாரேன். ரெண்டு தரம் ஜெராக்ஸ் எடுத்தா மங்கிரும். ஒருத்தருக்கும் தெரியாது. என்ன எழுதணும்னு மட்டும் சொல்லுங்க."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. அம்மா சேற்றில் நின்ற விதத்தோடு, படம் பிடிக்க வந்தவர்கள் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்ட விதத்தையும் கற்பனையில் சேர்த்தாள். அரைமணி நேரத்தில் இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. மங்கலாக, ஓரம் கறுத்து, அறுபது வருஷம் பழையதாக இருந்தது.

அதைக் கையில் வாங்கியபோது, ஒரு வாரமாக இருந்த பயம் இப்போது வந்த பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இத்தனை நாள் அவள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னவள். இந்தத் தாளைக் கொடுத்தால், இல்லாத ஒன்றைச் செய்தவள். நாளைக்கு யாராவது இதை நம்பி எடுத்து எழுதுவார்கள். அதை நம்பி இன்னொருவர் எழுதுவார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல இருக்கதையும் அழிச்சிருங்க" என்றாள்.

"நல்லாத்தானம்மா வந்திருக்கு."

"அதான் பயமா இருக்கு."

அவர் அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். தாளை நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குப்பைத்தொட்டியில் போடக்கூடத் தைரியம் வரவில்லை.

கணவன் இசக்கிமுருகன் கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவான். சாப்பிட்டு முடித்ததும் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குப் பாதி புரிந்தது.

"போலீசு கேசு ஆவுமா?"

"ஆகாது."

"வேலைய விட்டு எடுத்துருவாவளா?"

"தெரியல."

எழுந்து வண்டிச் சாவியை எடுத்து வைத்தான். "காலைல சார் வீட்டுக்கு நான் கொண்டு விடுதேன். நீ ஒத்தையில பஸ்ல போவாத" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரன் வீட்டு வாசலில் அவன் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, அவள் உள்ளே போனாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோனது. "சார், அந்தக் கட்டுரை இல்லை. நான் பார்க்காமலே எழுதிட்டேன்" என்றுமட்டும் வந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு வாரமாகக் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த அதே முகம்.

"எல்லா மூலத்தையும் சரிபார்த்தேன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனேம்மா" என்றார். "எனக்கு ஓய்வு பெற ஒன்பது மாசம் இருக்கு."

 பிறகு அவரே எழுந்து காகிதம் எடுத்தார். ஆய்வேட்டைத் திருத்தத்துக்காகத் திரும்பப் பெறுகிறோம், காரணம் இது என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தன் கவனக்குறைவு என்றும் ஒரு வரி சேர்த்தார். அவள் வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை.

கடிதம் போனபின் மூன்று மாதம் தபால்காரரைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். ஒரு விசாரணை நடந்தது. எச்சரித்து, ஓராண்டு கழித்து மறுபடி சமர்ப்பிக்க அனுமதித்தார்கள். அந்த வருஷம் வந்த நிரந்தர வேலைக்கான அறிவிப்புக்கு அவளால் விண்ணப்பிக்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. சிவசங்கரன் ஓய்வுபெற்ற அன்று வழக்கமான பாராட்டுக் கூட்டம் சிறியதாக நடந்தது.

அந்த ஓராண்டில் இருநூற்றுப் பதினோரு அடிக்குறிப்புகளையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தாள். ஐந்தில் பக்க எண் தவறு. இரண்டில் ஆண்டு தவறு. மூன்றாம் இயலைப் புதிதாக எழுதினாள். அந்த வரி இல்லாமல் அது மெலிந்துபோயிருந்தது, அப்படியே விட்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கு மதுரைக்காரரே வந்தார். வெளுத்த சட்டையும் தோல் பையுமாக, மெலிந்த மனிதர். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினான்காம் அடிக்குறிப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து தேநீர் கொடுத்தபோதுதான் அவளருகே வந்தார்.

"அந்தக் கட்டுரையை உங்களைச் சோதிக்கணும்னு நான் கேக்கலம்மா" என்றார். "எங்க அம்மாவும் நடவுக்குப் போனவங்க. ஒரு படப்பிடிப்புல அவங்க வயல்ல நின்னதா சொல்லுவாங்க. எந்தப் படம்னு தெரியாது. முப்பது வருஷமாத் தேடுறேன். உங்க குறிப்பைப் பாத்ததும், அப்பாடா, கிடைச்சிருச்சுன்னு நினைச்சேன்."

தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பொன்செல்வி நின்றாள். அவ்வளவு நாளும் அவளைப் பிடித்திருந்த பயம் அந்த இடத்தில் விட்டுப்போனது. அதைவிடக் கனமான ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் அம்மா பெயர் என்ன, எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டாள். அவர் சொன்னதையெல்லாம், தெரியாத இடங்களில் தெரியாது என்றே, ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.